அப்பா வரமாட்டாராம், அம்மாவும் வரமாட்டாளாம்

நவம்பர் 4

பெரியவளின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'அன்புள்ள' என்று ஆரம்பித்தால் இவளுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று உங்களுக்கு மூக்கில் வேர்க்கும். அதனால் போடவில்லை.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நமக்கு மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் மூன்றாவது பக்கம் வரைக்கும் தாங்குகிறது. இரண்டு பக்கத்தில் முடித்துவிடுகிறேன்.

பெரியவளும் சின்னவனும் என்னைக் கிறிஸ்துமஸுக்கு நகரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரவர் இருக்கும் அறையில் இன்னொரு கட்டில் போட்டால் கதவு திறக்காது. அதனால் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடியை அந்த வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம். கடைவீதி விளக்குகளைக் காட்டுகிறார்களாம், படகில் கூட்டிப்போகிறார்களாம். நாலு வருஷமாக இல்லாத அக்கறை! "அப்பா?" என்று கேட்டேன். "அப்பா வரமாட்டாராம்மா, ஆபீஸ்ல வேலையாம்" என்றாள் பெரியவள். அந்த வாரம் உங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் பூட்டித்தான் கிடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷம் உங்களோடு குடித்தனம் பண்ணியவள் நான்.

இன்னொன்று. "நீ திரும்பிப் போற டிக்கெட்ட நான் எடுக்கிறேன், நீ எடுத்துடாத" என்று இரண்டு தடவை சொன்னாள். நான் நினைத்த நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாதாம். யாரைப் பார்த்து நான் கிளம்பிவிடுவேன் என்று பயப்படுகிறாள்?

துணிக்கடையில் மாற்றிக்கொடுக்கும் கவுண்ட்டரில் நிற்பவள் நான். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டு, "பிரிக்கவே இல்லீங்க" என்று கொண்டுவந்து நீட்டுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். கழுத்துப்பட்டையைத் திருப்பினால் பவுடர் இருக்கும். பெரியவள் குரலிலும் அந்தப் பவுடர் இருந்தது.

நேராகவே கேட்கிறேன். பசங்களைத் தூண்டிவிட்டது நீங்கள்தானே?

இப்படிக்கு,
சின்னவனின் அம்மா


நவம்பர் 11

சின்னவனின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். மேல்மாடியா? ஆற்றங்கரையா? அதே வீட்டுக்குத்தான் என்னையும் கூப்பிட்டிருக்கிறான் உன் மகன். "அம்மா வரமாட்டாங்கப்பா. கிறிஸ்துமஸ் முடிஞ்சா கடையில மாத்துற கூட்டம் அலைமோதும், லீவு கிடைக்காதாம்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. நான் நம்பிவிட்டேன். உன் கடிதம் வந்திருக்காவிட்டால் நம்பியபடியே பெட்டி கட்டியிருப்பேன்.

உனக்கு டிக்கெட் என்றால் எனக்கு நேரம். இருபத்தாறாம் தேதி சாயங்காலத்துக்கு முன்னால் வரவே கூடாதாம். "முன்னாடி வந்துடாதீங்கப்பா, ரூம் ரெடியா இருக்காது" என்று சொன்னவன் மறுநாளும் போன் செய்து அதையே சொன்னான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன், வேலைக்கே நேரத்துக்குப் போகாதவன், எனக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறான்! நான் கதவைத் திறக்கும்போது யாரோ உள்ளே தயாராக நிற்க வேண்டும், அதுதானே கணக்கு?

நான் தூண்டிவிட்டேனா என்று கேட்டாய். அடிபட்ட வண்டிகளைப் பார்த்துத்தான் என் வயிறு நிறைகிறது. நேற்று அடிபட்டது என்று ஒருவன் கொண்டுவருவான். நெளிசலுக்குள் விரலை விட்டால் துரு வரும். நேற்று நெளிந்ததில் இன்றைக்குத் துரு எப்படி வரும்? உன் கடிதத்திலும் விரலை விட்டுப் பார்த்தேன். முதலில் பழியைத் தூக்கி அடுத்தவன் மேல் போடுகிறவர்தான் பெரும்பாலும் வண்டியை ஓட்டியவராக இருப்பார். எனக்கு உன்மேல்தான் சந்தேகம்.

அப்படி இருந்தால் தப்பில்லை. சொல்லிவிடு.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. உன் முழங்கால் எப்படி?

இப்படிக்கு,
பெரியவளின் அப்பா


நவம்பர் 18

பெரியவளின் அப்பாவுக்கு,

நன்றாக இருக்கிறது நியாயம்! உங்களோடு ஒரே கூரையில் ஒரு வாரம் இருப்பதற்கு நான் சதி பண்ணினேனாம். மாற்றல் வந்தது என்று ஒரு பெட்டியோடு கிளம்பிப் போனது நீங்கள். அந்த மாற்றல் தானாக வந்ததா, கேட்டு வாங்கியதா என்று நாலு வருஷமாகக் கேட்கிறேன். "கம்பெனி அனுப்பிச்சது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவரை நான் வலை போட்டுப் பிடிக்கிறேனா?

முழங்கால் வலிக்கிறது. கேட்டதற்கு நன்றி.

ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று புரிகிறது. நீங்கள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் உங்கள் கையெழுத்து அழகாகிவிடும். இது வழக்கம்போலக் கோழி கிளறியதுதான். அப்படியானால் இது பசங்க வேலை. உங்களிடம் அம்மா வரமாட்டாள், என்னிடம் அப்பா வரமாட்டார்! இரண்டு பேரையும் ஒரு வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, மரத்தில் விளக்கைப் போட்டுச் சேர்த்துவைக்கப் பார்க்கிறார்கள். ஒருத்திக்கு இருபத்தொன்பது, இன்னொருத்தனுக்கு இருபத்தாறு. நமக்குக் காது குத்துகிறார்கள்.

போன வருஷம் சின்னவன் தனி அறை எடுத்துக் குடிபோனபோது என்ன நடந்தது என்று மறந்துவிட்டார்களா? அவனே சமைத்து வைத்திருந்தான். உட்கார்ந்ததும் மாற்றல் பேச்சை எடுத்தது நீங்கள். (நான்தான் என்பீர்கள்.) ஒருவரும் ஒரு வாய் வைக்கவில்லை. பெரியவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். அதற்குப் பிறகும் இப்படி ஒரு யோசனை வருகிறது என்றால் இவர்கள் துணிச்சலை என்ன சொல்ல.

நான் போகப்போவதில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு எதற்கு நான் போகாமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது. கடையில் ஒரு நீலக் கோட்டு வந்திருக்கிறது. ஊழியர்களுக்குத் தள்ளுபடி உண்டு, எடுத்துவிட்டேன். குளிருக்குத்தான். யாருக்காகவும் இல்லை.

நீங்கள் சின்னவனைக் கிளறிப் பாருங்கள். நான் பெரியவளைப் பார்த்துக்கொள்கிறேன். நமக்குத் தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
சின்னவனின் அம்மா


நவம்பர் 26

நீலக் கோட்டுக்காரிக்கு,

விசாரணை முடிந்தது. முந்தாநாள் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுபோய் உன் மகனை அனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்து என்னோடு டீ குடிக்க வந்தான். கையெல்லாம் கிரீஸ். நான் போகிற போக்கில், "அம்மாவையும் கூப்பிட்டிருக்கலாமேடா" என்றேன். அவ்வளவுதான். டீயை வாயில் வைத்தவன் சுட்டுக்கொண்டான். "ஐயையோ, இல்லப்பா. அம்மா வரமாட்டாங்க. சத்தியமா வரமாட்டாங்க" என்று திருதிருவென்று விழித்தான். "குறுக்கே நாய் வந்துடுச்சு சார்" என்று என்னிடம் சொல்கிற டிரைவர்கள் முகம் இருக்கிறதே, அசல் அதே முகம். நாய் வந்திருக்கவே வந்திருக்காது.

ஆகவே சந்தேகமே இல்லை. கூட்டுச்சதிதான்.

நான் யோசித்துப் பார்த்தேன். நம் மேல் இவ்வளவு பொய் செலவழிக்கிறார்கள் என்றால் அதற்கும் ஒரு மரியாதை கொடுக்க வேண்டாமா? ஒரு சாயங்காலம் நாம் ஒழுங்காக இருந்தால் என்ன? மாற்றல் பேச்சை நான் எடுக்கவில்லை, நீயும் எடுக்காதே. சாப்பாடு ஆறுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுவோம். நான் முடி வெட்டிக்கொள்கிறேன். அந்தப் பழுப்பு ஷூவுக்கு அடிப்பாகம் மாற்றக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு கவலை. என்னைப் பார்த்ததும் நீ ஆச்சரியப்பட வேண்டும். உனக்கு அது வராது. பிறந்தநாள் பரிசைப் பிரிக்கும்போதே "எந்தக் கடையில வாங்கினீங்க, பில் இருக்கா?" என்று கேட்கிறவள் நீ. கண்ணாடி முன்னால் நின்று கொஞ்சம் பழகிக்கொள்.

நீலம் உனக்கு எடுப்பாகத்தான் இருக்கும். எப்போதும் இருந்திருக்கிறது.

அன்போடு (காரியம் ஒன்றும் இல்லை),
பெரியவளின் அப்பா


டிசம்பர் 3

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கடையில் உடை மாற்றும் அறையில் நின்று ஆச்சரியப்பட்டுப் பார்த்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து, நெஞ்சில் கையை வைத்து, "அட, நீங்களா!" வெளியே நின்ற பில் போடும் பெண் திரையை விலக்கி, "மேடம், யாராவது உள்ள இருக்காங்களா?" என்று கேட்டாள். பல்லி என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. இந்தக் கடையில் வேலை செய்கிற யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள்.

பெரியவளைக் கிளறினேன். கெட்டிக்காரி, பிடி கொடுக்கவில்லை. "உனக்கு ஜன்னல் ஓரமா அறை, நல்லாத் தூங்கு. அது போதும்மா" என்கிறாள். மருத்துவமனையில் நாள் முழுக்க அடுத்தவர் கை கால்களைப் பிடித்து மடக்கி நீட்டுகிறவள். யார் எங்கே பிடித்தாலும் நழுவத் தெரிந்திருக்கிறது.

எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. இவர்கள் நம் இருவருக்கும் எத்தனை அறை போட்டிருக்கிறார்கள்? ஒரே அறை என்றால் அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். பெரியவள் அவசரத்துக்கு என்று வீட்டுக்காரம்மாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். போர்வை கேட்கிற சாக்கில் பேசித் தெரிந்துகொள்கிறேன்.

ஒரே அறை என்றாலும் நான் ஒன்றும் கிளம்பிவிட மாட்டேன். சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
நான்


டிசம்பர் 6

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதில் வருவதற்கு முன்பே எழுதுகிறேன். முந்தைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இன்று மத்தியானம் அந்த வீட்டுக்காரம்மாவோடு பேசினேன். திரும்பிவந்த துணியெல்லாம் குவித்துவைக்கும் பின்னறையில் நின்று பேசினேன். பெரியவளின் அம்மா என்று சொன்னதும் அந்த அம்மாள் எனக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்துக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்களுக்கு ஜன்னல் பக்கத்து அறைங்க. இருபத்தாறாம் தேதி மத்தியானம் நீங்க கிளம்பினதும், சாயங்காலத்துக்குள்ள அதையே அப்பாவுக்குத் தயார் பண்ணித் தரணும்னு உங்க பொண்ணு சொல்லியிருக்கு. விரிப்பு, துண்டு எல்லாத்தையும் மாத்திடணுமாம். நீங்க வந்துட்டுப் போன அடையாளமே இருக்கக் கூடாதாம். நீங்க ரெண்டு பேரும் படிக்கட்டுல கூடப் பாத்துக்கக் கூடாதுன்னு நடுவுல நேரம் விட்டு வெச்சிருக்காங்க. பாவம்ங்க அந்தப் பொண்ணு, இத எங்கிட்ட சொல்றதுக்குள்ள எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டுச்சு."

"நல்ல கனமான போர்வையா வைங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

புரிகிறதா உங்களுக்கு? சேர்த்துவைக்க இல்லை. என்னை அனுப்பிவிட்டுத்தான் உங்களை வரவழைக்கிறார்கள். டிக்கெட்டும் அதற்குத்தான், நேரமும் அதற்குத்தான். "அம்மா வரமாட்டாங்க, சத்தியமா" என்று சின்னவன் டீயில் வாயைச் சுட்டுக்கொண்டானே, நீங்கள் வருவது எனக்குத் தெரிந்தால் நான் கிளம்பாமல் அங்கேயே இருந்துவிடுவேன் என்று பயந்திருக்கிறான். நாம் எல்லாவற்றையும் சரியாகத்தான் மோப்பம் பிடித்தோம். ஆனால் ஆசையை வைத்துக்கொண்டு மோப்பம் பிடித்தோம்.

நான் ஆசைப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இந்த ஒரு மாதமாக ஆசைப்பட்டேன்.

அன்றைக்குச் சின்னவன் அறையில் பெரியவள் பாத்திரம் தேய்த்தாள் என்று எழுதியிருந்தேன். யாருமே சாப்பிடவில்லை, பிறகு எந்தப் பாத்திரத்தைத் தேய்த்தாள்? தண்ணீர்ச் சத்தத்தில் நம் சத்தம் கேட்காமல் இருக்கத்தான் குழாயைத் திறந்திருக்கிறாள். சின்ன வயதிலும் அப்படித்தான், நாம் ஆரம்பித்தால் அவள் குளிக்கப் போய்விடுவாள். சுத்தமான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எனக்குக் குறித்துக் கொடுத்த நாளில் நான் போகிறேன், உங்களுக்குக் குறித்த நாளில் நீங்கள் போங்கள். நமக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியவே வேண்டாம்.

அன்புடன்,
நான்


டிசம்பர் 12

அன்புள்ளவளுக்கு,

கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழிக்கவில்லை. பல்லி வருகிற இடத்தை மட்டும் நாலு தடவை படித்தேன்.

காட்டிக்கொள்ள வேண்டாம் என்றாய். என்னால் முடியவில்லை, மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப்போய்ச் சின்னவனைத் தனியாகப் பார்த்தேன். கோபமாகத்தான் போனேன். "எங்க ரெண்டு பேரையும் ஷிப்ட் போட்டுக் கூப்பிடறீங்களாடா?" என்றேன். அவன் மறுக்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "தனித்தனியா நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நல்லவங்கப்பா. உங்களோட இருந்தா எனக்குச் சிரிப்பா இருக்கும், அம்மாவோட இருந்தா அக்காவுக்குச் சிரிப்பா இருக்கும். சேந்து உட்காந்தா மட்டும் எனக்கு வயித்த வலிக்கும். ஒரு கிறிஸ்துமஸாவது வயிறு வலிக்காம சாப்பிடணும்னு அக்கா சொன்னா. நாங்க உங்கள ஒதுக்கலப்பா. ரெண்டு பேரும் வேணும்னுதான் இப்படி."

கிறிஸ்துமஸ் நாள் யாருக்கு என்பதில் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்து, காசைச் சுண்டிப் பார்த்தார்களாம். நீ ஜெயித்துவிட்டாய். எனக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது. போகட்டும்.

வரும் வழியில் ரயிலில் அழுதேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஜலதோஷம் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்.

உனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லவில்லை. அக்காவிடம் மூச்சு விட மாட்டேன் என்று அவனும் சத்தியம் பண்ணினான். இந்தத் தடவை நம்பலாம்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன் ரயில் மத்தியானம் கிளம்புகிறது. நான் சாயங்கால ரயிலில் வரவேண்டும். காலையிலும் ஒரு ரயில் இருக்கிறது. அதில் வந்துவிட்டால் எனக்கு ஸ்டேஷனில் நிறைய நேரம் கிடைக்கும். மாடியில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது, போன தடவை பார்த்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் மேசை, கீழே தண்டவாளம். நீ கொஞ்சம் முன்னதாக வந்தால் உட்கார்ந்து பேசலாம். மாற்றலைப் பற்றியும் கேள். இந்தத் தடவை கம்பெனி மேல் பழி போடாமல் பதில் சொல்கிறேன். பதில் உனக்குப் பிடிக்காமல் போகலாம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வருகிறாயா?

அன்புடன்,
நான்தான்


டிசம்பர் 18

அன்புள்ள உங்களுக்கு,

பதிலுக்கு இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உங்கள் கடைசி வரிகள்தான். "பிடிக்காமல் போகலாம்" என்றால் அந்த மாற்றல் நீங்கள் கேட்டு வாங்கியதுதான் என்று அர்த்தம். இரண்டு நாள் கொதித்தேன். ஒரு வாடிக்கையாளரின் சட்டையை நியாயமில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு நானே கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. நாலு வருஷமாக நான் கேட்டது பதிலுக்காக அல்ல, உங்களைப் பிடித்துவிட்டேன் என்று காட்டுவதற்காக. ஏன் போனீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டும்.

பெரியவளிடம் நேற்றுச் சொன்னேன்: "ஸ்டேஷனுக்கு நீ வரவேணாம், வாடகைக் காரு போதும். கொஞ்சம் முன்னாடியே போய் உட்காந்துக்கிறேன்." உடனே, "ஏம்மா? யாரப் பாக்கப் போற?" என்றாள். பாருங்கள், நம் ரத்தம்! "உனக்கு வேல இருக்கும், விரிப்ப..." என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "முழங்கால் வலிக்குது, அவசரமா நடக்க முடியாது" என்றேன். நம்பினாளோ என்னவோ. எனக்கு அவளோடு கிடைக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டுதான் வருகிறேன். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் என்ன கொடுத்தாலும் பில் கேட்காமல் வாங்கிக்கொள்வேன். வயிறு நிறையச் சாப்பிடுவேன், அவர்களையும் சாப்பிட வைப்பேன். மறுநாள் நீங்களும் அப்படியே செய்யுங்கள். "அம்மா எப்படி இருக்காங்கன்னு தெரியுமா?" என்று அவர்கள் கேட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

அந்த மாடிக்கடையில் நமக்குச் சண்டை வரும். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வந்தால் வரட்டும். அங்கே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு யாரும் நிற்கப்போவதில்லை. நம் சண்டையை நாம் மட்டும் போட்டுக்கொள்ளப் போவது இதுதான் முதல் தடவை.

நீங்கள் கடைசி நிமிஷத்தில் வராமலும் போகலாம். வராவிட்டால் ரயில் தாமதமா, உடம்பு சரியில்லையா, வேண்டுமென்றே செய்தீர்களா என்று நான் துருவிக்கொண்டிருக்க மாட்டேன். நீங்கள் வரவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டு என் ரயிலில் ஏறிவிடுவேன்.

வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி